அச்சத்தின் முகவரி எது?

நவ்தீப் சிங் இயக்கத்தில் 2015 மார்ச் 13 அன்று வெளியான ‘என்.எச்.10’ என்னும் இந்தித் திரைப்படம், பார்ப்போரை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவந்து நடுங்க வைத்தது. குர்கானில் பெருநிறுவனப் பணியில் இருக்கும் மீராவும் கணவன் அர்ஜுனும், அவளது பிறந்தநாளுக்காகக் காரில் பயணம் கிளம்புகிறார்கள். வழியில் ஒரு தாபாவில், காதலித்து மணந்த இளம் இணையரைப் பெண்ணின் அண்ணனும் கூட்டாளிகளும் அடித்து இழுத்துச் செல்கிறார்கள். தட்டிக்கேட்ட அர்ஜுன் அறை வாங்குகிறான். அவமானம் தாளாமல் கைத்துப்பாக்கியுடன் அவர்களைப் பின்தொடர்கிறான். கண்ணெதிரே ஆணவக் கொலை நடக்கிறது. அதன்பின் விடியும்வரை துரத்தலும் இரத்தமும்தான். முடிவில் மீரா இரும்புத் தடியேந்திக் கொலைகாரர்களைத் தீர்த்துக்கட்டுகிறாள். பார்வையாளர் நிம்மதிப் பெருமூச்சுடன் எழுந்து வீட்டுக்குப் போகிறார்.

வணிகத் திரையுலகம் தொடத் தயங்கும் பொருளை இப்படம் தொட்டது என்பதை மறுப்பதற்கில்லை. கொலையை நியாயப்படுத்துபவர், ஊர்த்தலைவியாகவும் இருக்கும் பெண்ணின் தாயே என்று காட்டியதிலும் துணிவு உண்டு. ஆணாதிக்கம் ஆண்களின் கைகளை மட்டும் நம்பி வாழ்வதில்லை. கேள்வி வேறு. அந்தப் பெருமூச்சை வழங்குவதற்காக இப்படம் எதை மறைத்தது?

குர்கானின் கடைசி வணிக வளாகம் முடியும் இடத்தில் ஜனநாயகமும் அரசமைப்பும் முடிந்துவிடுவதாகப் படத்தில் ஒரு காவல் அதிகாரி கூறுகிறார். படம் முழுவதும் இந்தக் கண்ணாடி வழியாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. கார் செல்லும் சாலை நாகரிகம். சாலையைவிட்டு இறங்கினால் காட்டுமிராண்டித்தனம். இருட்டு, புழுதி, குவாரி, கிராமத்து முகம் ஆகிய அனைத்தும் அச்சத்தின் அடையாளங்களாகின்றன. அப்படியானால் வளாகத்தின் உட்புறம் அரசமைப்பு பத்திரமாக இருந்ததா? 2005 ஜூலை 25 அன்று அதே குர்கானில், மாவட்ட நிர்வாக வளாகத்திலேயே, ஹோண்டா தொழிலாளர்களைக் காவல்துறை அடித்து நொறுக்கியதைத் தொலைக்காட்சிகளில் நாடே கண்டது. அங்கே இருட்டும் இல்லை, குவாரியும் இல்லை.

இப்படத்தின் பின்னணியாகப் பேசப்படுவது மனோஜ்–பப்லி வழக்கு. ஹரியானாவின் கைத்தல் மாவட்டத்துக் கரோரா கிராமத்தைச் சேர்ந்த அவ்விருவரும் ஒரே கோத்திரத்தினர் என்பதே ‘குற்றம்’. 2007 ஜூனில் நீதிமன்றம் சென்று திரும்பிய அவர்களைப் பாதுகாப்புக்கு வந்த காவலர்கள் பாதியில் கைவிட்டார்கள். பேருந்தில் பயணம் செய்துகொண்டிருந்தபோது அவர்கள் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் கால்வாயில் கிடைத்தன. உண்மையான பயணிகள் அவர்கள்தாம். திரையிலோ, அவர்களைப் போன்றவர்கள் முதல் பாதியிலேயே பிணமாகிவிட, கதை காரில் வந்தவர்களுடையதாகிறது.

மறைக்கப்பட்ட இன்னொரு பாத்திரமும் உண்டு. மனோஜின் தாயும் சகோதரியும் ஊர்விலக்கத்தைத் தாங்கிக்கொண்டு வழக்கை நடத்தினார்கள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் அவர்களோடு நின்றது. 2010 மார்ச்சில் கர்னால் நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன என்றாலும், காப் பஞ்சாயத்தை ஓர் ஏழை விதவை கூண்டில் ஏற்ற முடியும் என்பது நிறுவப்பட்டது. இரும்புத் தடியைவிட இந்த வீரம் படமெடுக்கத் தகுதியற்றதா?

சாதியின் கொலைவெறி ஹரியானாவுக்கே உரியது என்று தமிழ்ப் பார்வையாளர் எவரேனும் ஆறுதல் அடைந்திருந்தால், அந்த ஆறுதல் ஓராண்டே நீடித்தது. படம் வெளியாகிச் சரியாக ஓராண்டு கழித்து, 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் தலித் இளைஞர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். சுற்றிலும் மக்கள், மேலே கண்காணிப்புக் கேமரா. படுகாயத்துடன் பிழைத்த கௌசல்யா தடி எடுக்கவில்லை. தன் குடும்பத்துக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார்.

ஆக, அச்சத்தின் முகவரி நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள இருட்டு அன்று. சாதியும் சொத்தும் திருமணத்தின் வழியே காக்கப்படும் ஒவ்வொரு வீட்டின் கூடமும்தான் அது. அதைத் தனிமனிதப் பழிவாங்கல் அசைக்காது. சிலரைக் கொன்றுவிட்டு மீரா நடந்துபோன மறுநாளும் அந்த ஊரில் பஞ்சாயத்து கூடும். அடுத்த பெண்ணுக்குத் தீர்ப்பு எழுதும்.

தனிச்சட்டத்துக்கான வரைவைச் சட்ட ஆணையம் 2012லேயே தந்துவிட்டது. சாதி மன்றங்களின் தலையீட்டைத் தடுக்கவும், இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைக்கவும் 2018 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. நாடாளுமன்றமோ இன்றளவும் சட்டம் இயற்றவில்லை. திரையில் கொட்டிய இரத்தத்துக்குத் திகைத்தவர்கள் இந்த மௌனத்துக்கும் திகைக்க வேண்டும். இப்படத்தைப் பார்க்கும் தோழர்கள், அரங்கைவிட்டு வெளியேறும்போது தத்தம் பகுதியில் அப்படியோர் இணையர் வந்து கதவைத் தட்டினால் எங்கே தங்கவைப்பது என்று யோசிக்கட்டும். அந்தக் கதவு திறந்திருப்பதே இயக்கத்தின் பதில்.