சிற்றில்லத்திற்கேற்ற அடுப்பு



மூணாறு, பீர்மேடு தோட்டங்களின் லயத்து வீடுகளில் விறகுப் புகையினின்று விடுதலை தரவல்லது இண்டக்‌ஷன் அடுப்பு. மேசை மீது வைக்கலாம். வேண்டுமிடத்துக்கு எடுத்தும் செல்லலாம். எனினும், கடைக்குச் செல்லுமுன் வீட்டுச் சுவரை நோக்குவதே அறிவுடைமை.

2,000 வாட் அடுப்பு, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்குமான 6 ஆம்பியர் பிளக் அதனைத் தாங்காது. கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். லயத்தில் ஒரு சுவர் இரு குடும்பங்களுக்குப் பொது. ஓரில்லத்துத் தீ வரிசை முழுமைக்கும் ஆபத்து. ஆகவே, வீட்டுக்குரிய தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, உரிமம் உடைய மின்பணியாளரைக் கொண்டு 16 ஆம்பியர் பிளக்கை நிலக்கம்பியுடன் அமைத்த பின்னரே அடுப்பை வாங்குக.

அடுத்தது பாத்திரம். அடியில் காந்தம் ஒட்டினால் உதவும். சாதாரண அலுமினியமும் மண்சட்டியும் பயன்படா. அவற்றைக் கைவிட மனமில்லாதோர் இன்ஃப்ராரெட் அடுப்பைத் தேர்க. ஆயின், அணைத்த பின்னும் அதன் மேற்பரப்பு சுடுமாதலால் குழந்தைகளை நெருங்க விடலாகாது.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் நீர் 95 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடுவதால், பருப்பு வேகத் தாமதமாகும். காந்தம் பற்றும் அடியுடைய பிரஷர் குக்கர் ஒன்று இருப்பின் நலம்.

மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படும் மலைநாடு இது. பழைய அடுப்பையும் பத்திரப்படுத்துக.