ஊசிக்கு முந்தைய ஒரு நிமிடம்

குழந்தைகளுக்கு மனக்குவிப்புப் பயிற்சி தரவேண்டும் என்ற பேச்சு நம் கருத்தரங்குகளில் அடிக்கடி எழுகிறது. வரவேற்கிறோம். ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று எண்ணுபவர்கள் பிரிட்டனின் 'மிரியட்' ஆய்வைப் படிக்க வேண்டும். 11 முதல் 14 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வு அது. 2022இல் முடிவு வந்தது: பள்ளியில் வழக்கமாக நடக்கும் பாடத்தைவிட இந்தப் பயிற்சியால் கூடுதல் பலன் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்துபார்க்கவே இல்லை.

தேவை எழும் இடத்தில்தான் கற்பிக்க வேண்டும். வென்ஃப்ளான் (நரம்பு வழி மருந்து ஏற்றும் குழாய்) போடும் மேசை, தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும் அறை, முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலின் போடும் வேளை. ஒரத்தநாட்டிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ நடவுக் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வந்த தாய் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நமக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்.

ஐந்து வயதுப் பிள்ளையிடம் "மூச்சைக் கவனி" என்றால் மூச்சை அடக்கிக்கொள்ளும். மேசைமேல் ஒரு தலையாட்டிப் பொம்மையை வையுங்கள். நம்மூர்ப் பொம்மைதான், அடி கனமாக இருப்பதால் எப்படிச் சாய்த்தாலும் நிமிரும். "பாப்பா, நீயே தட்டிவிடு. ஆடி நிக்கிற வரைக்கும் பாரு, நின்னதும் அக்காகிட்ட சொல்லு." இவ்வளவுதான் பாடம். ஆட்டம் தணியும்போது நாம் பிடித்திருக்கும் பிள்ளையின் கையும் தளர்கிறதா என்று பார்த்து ஊசியை எடுங்கள். தளரவில்லையென்றால் இன்னொரு முறை தட்டட்டும். ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் பொம்மையைத் துடைக்க மறக்க வேண்டாம். வலி மருந்துக்கு இது மாற்றல்ல. வலி மருந்து தேவைப்படும் பிள்ளைக்கு அதை முதலில் கொடுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொம்மை வேண்டாம். உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனிக்கச் சொன்னால் போதும். ஆனால் யாரையும் கண்ணை மூடும்படி வற்புறுத்தாதீர்கள். 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த வட்டாரம் இது. அதே ஆண்டு டிசம்பரில் நாகையில் சுனாமி. 2018 நவம்பரில் கஜா புயல். கூரை பறந்த இரவைப் பார்த்த பிள்ளைக்குக் கண்ணை மூடினால் அந்த இரவே திரும்ப வரலாம். அத்தகைய பிள்ளையை மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் அனுப்புங்கள். பெற்றோரிடம் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ எழுதிக் கொடுங்கள்.

தாய்க்கும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். வீட்டில் ஊசி போடப்போவது அவர்தான். பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலிய மாணவியருக்கும் வென்ஃப்ளான் போடக் கற்றுத்தரும் அன்றே இந்த ஒரு நிமிடத்தையும் கற்றுத்தர வேண்டுமெனத் துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.