முதல்ல டிஸ்க்கைப் பாருங்கோ

எங்கட அறையில் காலையில் லப்டொப்பை ஓன் பண்ணிவிட்டுத்தான் குளிக்கப் போவோம். திரும்பி வரேக்கையும் திரையில் அந்த வட்டம் சுத்திக்கொண்டே நிற்கும். பழசு எண்டால் அப்பிடித்தான் என்று சிரித்தபடி ஒரு செமஸ்டரை ஓட்டினோம்.

பிறகு கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார அண்ணா திறந்துகூடப் பார்க்கவில்லை. "வைரஸ் தம்பியவை, ஃபோமட் அடிச்சாச் சரி" என்றார். அடித்தார். மூன்று கிழமை நல்லாத்தான் ஓடியது. பேந்து பழைய குருடி கதவைத் திறடி. திரும்பவும் கடை, திரும்பவும் ஃபோமட், திரும்பவும் காசு.

ஆய்வுக்காகக் கரையோரக் கிராமமொன்றில் பதிவு செய்த 11 நேர்காணல்களும் டி டிரைவில் இருந்தன. ஃபோமட் சி டிரைவுக்கு மட்டும்தான், ஆகவே பயமில்லை என்று நினைத்தோம். சியும் டியும் ஒரே டிஸ்க்கைப் பிரித்த இரண்டு பங்குகள்தான் என்பது, ஒரு நாள் காலையில் வட்டத்துக்குப் பதிலாக 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வந்தபோதுதான் உறைத்தது. ஒன்பது பேரிடம் திரும்பப் போய்ப் பதிவு செய்தோம். பத்தாவது ஆள் இறந்துவிட்டார். மற்ற அம்மம்மா, "அண்டைக்கே எல்லாம் சொல்லிப்போட்டன் பிள்ளையள்" என்று கதைக்க மறுத்துவிட்டார்.

அதுக்குப் பிறகுதான் தேடிப் படித்தோம். பழைய லப்டொப்புகளின் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் தட்டுகள். வாசிக்கிற கை அங்குமிங்கும் ஓடித்தான் கோப்புகளை எடுக்கும். விண்டோஸ் எழும்பும்போது எக்கச்சக்கமான சின்னக் கோப்புகள் தேவை. நல்ல டிஸ்க்குக்கே அது சிரமம். தட்டில் ஓரிடம் பழுதானால் அதை வாசிக்கத் திரும்பத் திரும்ப முயலும். அதுவரைக்கும் விண்டோஸ் காத்துக்கொண்டு நிற்கும்.

அப்ப ஃபோமட் அடித்தால் ஏன் நல்லாகுது? புதிதாக எழுதும்போது பழுதான இடத்தை டிஸ்க் தானே ஒதுக்கிவிட்டு, கைவசமுள்ள உதிரி இடத்தில் எழுதும். கூடவே தொடங்குகிற மென்பொருள்களும் குறைவு. பனடோல் போட்டுக் காய்ச்சலை இறக்கின மாதிரித்தான். பழுது பரவிக்கொண்டே போகும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. திறந்ததும் ஒரு பெட்டி காட்டும்: நீலம் என்றால் நல்லம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் மோசம். 05, சி5 என்ற வரிகளின் கடைசி நிரலில் பூச்சியம் அல்லாத எண் ஏதும் இருந்தால், வேறு எதுவும் செய்ய முதல் கோப்புகளைக் கொப்பி பண்ணுங்கள். செக்டிஸ்க் ஓடவிடச் சொல்லிப் பலர் சொல்லுவார்கள். சாகக் கிடக்கிற டிஸ்க்கை முழுக்க வாசிக்க வைத்தால் கொப்பி எடுக்க முதலே அது போய்விடலாம். நீலத்தையும் முழுசா நம்பேலாது, சொல்லாமல் கொள்ளாமல் சாகும் டிஸ்க்குகளும் உண்டு. நீலமாக இருந்தும் ஆமை வேகம் என்றால் ஒரு எஸ்எஸ்டி மாற்றிப் பாருங்கள். அனேகமாக அதுவே காணும், புது லப்டொப் வாங்கத் தேவையில்லை.

கடைக்கார அண்ணாவில் எங்களுக்குக் கோபம்தான். ஆனாலும் "நாங்கள் ஆர்ட்ஸ், உது எங்களுக்கு விளங்காது" என்று ஒரு கேள்வியும் கேட்காமல் காசைக் குடுத்தது நாங்கள். ஒரு சொல்லின் வேரை மூன்று அகராதியில் தேடுகிற எங்களுக்கு ஒரு மஞ்சள் பெட்டியை வாசிக்கத் தெரியாதாமோ?

பக்கத்து அறைப் பெடியன்ர லப்டொப் நேற்று மஞ்சள் காட்டியது. ஃபோமட் அடிக்க வெளிக்கிட்டவனை மறித்து, எக்ஸ்டேர்னல் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கிக் கொப்பி பண்ண விட்டிருக்கிறோம். இதை எழுதும்போது 62 வீதம். அவன்ர அக்காவின் கலியாண வீடியோவில் கனநேரமாக நிற்கிறது.