குடி நோய்க்கு மருந்து கயிறா, வைத்தியமா?

குடியினால் கெட்ட குடும்பங்களைப்பற்றி நம் நாட்டில் பேசாதவர் யாரும் இல்லை. மேடைப் பிரசங்கியும் பேசுகிறார், புராணிகரும் பேசுகிறார், ஓட்டுக் கேட்க வருகிறவரும் பேசுகிறார். ஆனால், குடியில் அகப்பட்டுக்கொண்ட ஒரு மனிதன் "நான் இதை விட்டுவிட வேண்டும், வழி சொல்லுங்கள்" என்று கேட்டால், அவனுக்கு என்ன வழி சொல்லப்படுகின்றது என்பதைப்பற்றி மாத்திரம் யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. "கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்", "மாலை போட்டுக்கொள்", "மந்திரித்துத் தாயத்துக் கட்டிக்கொள்" என்பவைதான் அவனுக்குக் கிடைக்கும் வழிகள். இவை ஒன்றும் பலிக்கவில்லையானால், "உனக்கு மானம் ரோஷம் இல்லை" என்கின்ற பட்டமும் சேர்த்துக் கிடைக்கின்றது.

குடி நோயைப்பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டுபிடித்து வைத்திருப்பது ஒரு பக்கம் கிடக்கின்றது. குடி நோயாளிக்கு ஊரில் நடக்கின்ற வைத்தியமோ வேறொரு பக்கம் நடக்கின்றது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இந்தச் சம்பந்தம் இல்லாத காரணத்தால் மக்கள் அநியாயமாய்ச் சாகின்றார்கள் என்பதே இன்று நாம் சொல்ல வந்த விஷயமாகும்.

நம் ஊர்களில் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருஷமாக நாள் தவறாமல் குடித்துவந்த ஒருவன், கார்த்திகை பிறப்பதற்கு முந்தின இரவு கடைசியாக ஒருமுறை குடித்துவிட்டு, விடியற்காலையில் குளித்து மாலை போட்டுக்கொள்கிறான். அன்று சாயங்காலமே கை நடுங்குகின்றது, உடம்பெல்லாம் வேர்க்கின்றது, கண் மூடினால் தூக்கம் இல்லை. "சாமி சோதிக்கிறது" என்கிறார்கள். மறுநாள் வலிப்பு வருகின்றது. சாவிக்கொத்தைத் தேடி எடுத்துக் கையில் திணிக்கிறார்கள். மூன்றாம் நாள், இல்லாத பூச்சி உடம்பில் ஊர்வதாகச் சொல்லித் தட்டித் தட்டி விடுகிறான். சுவரோரத்தில் யாரோ நிற்பதாகப் பேசுகிறான். கட்டின பெண்டாட்டியையே "நீ யார்" என்று கேட்கிறான். உடனே, "விரதத்தில் தீட்டுப் பட்டுவிட்டது, அந்தப் பெண் வீட்டுக்கு விலக்காயிருந்ததை மறைத்துச் சமைத்திருப்பாள்" என்று பழி அவள் தலையில் விழுகின்றது. பூசாரி வருகிறார், வேப்பிலை அடி விழுகின்றது. இதில் பிழைத்தால் சாமியின் கிருபை. செத்தால் சாமி குற்றம். எப்படிப் போனாலும் சாமிக்கும் பூசாரிக்கும் நஷ்டம் இல்லை.

தோழர்களே! இது சாமியும் அல்ல, பேயும் அல்ல, தீட்டும் அல்ல. 1813-லேயே தாமஸ் சட்டன் என்னும் ஆங்கிலேய வைத்தியர் இந்த நடுக்கச் சன்னிக்குத் தனிப் பெயர் கொடுத்து எழுதியிருக்கின்றார். இது குடியினால் வருகின்றதா, குடியைத் திடீரென்று நிறுத்துவதால் வருகின்றதா என்கின்ற சந்தேகம் வெகுகாலம் இருந்துவந்தது. 1955-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் லெக்சிங்டன் என்னும் ஊரில் இஸ்பெல் என்பவரும் அவரது சகாக்களும் பரீட்சை செய்து, வாரக்கணக்கில் விடாமல் குடித்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் சன்னியும் வரும் என்பதை ருசுப்படுத்தினார்கள்.

காரணமும் விளங்காததல்ல. சாராயம் மூளையின் வேகத்தை அடக்குகின்றது. தினமும் அடக்கப்படும் மூளை, அதற்கு எதிராகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டு பழகிவிடுகின்றது. வடம் இழுக்கும் போட்டியில் ஒரு கட்சியார் திடீரென்று கையை விட்டால் மறுகட்சியார் என்ன ஆவார்கள்? மல்லாந்து விழுவார்கள். அதுவேதான் இங்கும் நடப்பது. கடைசிக் குடிக்குப்பின் முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சன்னியும் வருவது சாதாரணம். தக்க வைத்தியம் இல்லாத காலத்தில் இந்தச் சன்னி கண்டவர்களில் நூற்றுக்கு 35 பேர் வரையில் மாண்டிருக்கின்றார்கள். வைத்தியம் கிடைத்தால் சாவு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போய்விடுகின்றது.

அந்த வைத்தியம் ஏதாவது கிடைத்தற்கரிய சஞ்சீவியா என்றால், அதுவும் இல்லை. மூளையின் கொதிப்பை அடக்கும் சில மாத்திரைகளைச் சில நாளைக்குக் கொடுத்து, அளவை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வரவேண்டும். 1969-லேயே அமெரிக்காவில் 500-க்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்து, இந்த வகை மருந்தே வலிப்பையும் சன்னியையும் நன்றாகத் தடுக்கின்றது என்று கண்டுவிட்டார்கள். அத்துடன் தயமின் என்னும் 'பி' வைட்டமின் ஊசி போட வேண்டும். குடிகாரன் சோர்ந்து விழுந்தால் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை மாத்திரம் ஏற்றினால், மூளை மேலும் கெட்டு நினைவு திரும்பாமல் போகவும் இடமுண்டு. இவ்வளவு மலிவான ஒரு மருந்தைப்பற்றிய அறிவு வந்து சேராத இடத்தில், லட்சக்கணக்கில் செலவு செய்து கும்பாபிஷேகம் மாத்திரம் வந்து சேர்ந்துவிடுகின்றதே, இதன் மர்மம் என்ன என்று கேட்கின்றோம்.

நிற்க, நடுக்கம் நின்ற பிறகு மறுபடியும் குடிக்காமல் இருக்க வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? அதற்கும் வழி கண்டிருக்கின்றார்கள். நால்ட்ரெக்சோன் என்ற மருந்து குடியில் உண்டாகும் இன்பத்தை மட்டுப்படுத்துகின்றது. அதை 1994-ல் அமெரிக்க சர்க்கார் குடி நோய்க்கு அங்கீகரித்தார்கள். அகாம்ப்ரோசேட் என்பது விட்டவனை விடாமல் இழுக்கும் ஆசையைக் குறைக்கின்றது. உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இவை எல்லோருக்கும் பலித்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. பலருக்குப் பலிக்கின்றது, சிலருக்குப் பலிப்பதில்லை. ஆனால், எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று கணக்குக் காட்டுகின்ற யோக்கியதை இந்த மருந்துகளுக்கு இருக்கின்றது. கயிற்றுக்கு அப்படிக் கணக்குக் காட்டத் தயாராயிருக்கும் பூசாரி யாராவது இருந்தால் முன்வரட்டும்.

மருந்து வேண்டாத நிலையில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கின்றது. நம் நாட்டிலேயே கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், நோய் முற்றாத ஆனால் கெடுதல் செய்யும் அளவுக்குக் குடிக்கின்ற 377 ஆண்களை வைத்து ஒரு பரீட்சை நடந்து, அதன் முடிவு 2017-ல் வெளியாயிற்று. பெரிய டாக்டர்கள் அல்ல, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண மனிதர்களே அவர்களிடம் அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில், பேச்சு வைத்தியம் பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் கடந்த இரண்டு வாரமாகக் குடியைத் தொடவில்லை. அது கிடைக்காதவர்களில் 18 பேரே அப்படி இருந்தார்கள். மரியாதையாய் உட்கார்ந்து நாலுதரம் பேசியதற்கே இவ்வளவு பலன்! நம் ஊரிலோ பேச்சுக்குப் பதில் வசவும் செருப்படியுமே கிடைக்கின்றது.

இவ்வளவு இருந்தும் ஜனங்களுக்குக் கிடைப்பது என்ன? 2019-ல் இந்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி, குடிக்கு அடிமைப்பட்டவர் தொகை சுமார் 2 கோடியே 90 லட்சம். இவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கின்றது. ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெற்றவரோ 180 பேருக்கு ஒருவர். மீதிப்பேர் எங்கே போகிறார்கள்? பூசாரியிடமும், பொடி விற்பவனிடமும், அடித்துத் திருத்தும் 'மறுவாழ்வு இல்ல'க்காரனிடமும் போகிறார்கள்.

பொடி விற்பவனைப்பற்றி ஒரு வார்த்தை. "குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் செய்கின்றானே, அதைவிட அயோக்கியத்தனம் வேறில்லை. டைசல்பிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிருக்கே ஆபத்து வரக்கூடும். 1948-ல் டென்மார்க்கு ஆராய்ச்சியாளர்கள் இதை வெளியிட்டார்கள்; தாங்களே விழுங்கிப் பார்த்துத்தான் சொன்னார்கள். நோயாளிக்குச் சொல்லி, அவன் சம்மதம் பெற்று, டாக்டர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து அது. இன்னது என்று பெயர் இல்லாத பொடியைக் குழம்பில் கலந்துபோடும் மனைவிக்கு அதில் என்ன இருக்கின்றது என்று தெரியுமா? மண்சோறு தின்றும், தீ மிதித்தும் கைவிடப்பட்ட அந்தப் பெண்ணின் கடைசிக் காசையும் பிடுங்குவதல்லாமல், அவள் கையாலேயே புருஷனுக்கு ஆபத்து வைப்பதை என்னவென்று சொல்லுவது?

அடைத்து வைத்து அடிக்கும் இல்லங்களைப்பற்றியும் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து மாண்டதை நாடு மறந்திருக்காது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருப்பதோடு, மது, போதை இவற்றின் உபயோகத்தால் வரும் மனக்கேடுகளையும் மனநோய் என்றே சேர்த்திருக்கின்றது. சட்டம் நோய் என்கின்றது; ஆராய்ச்சி நோய் என்கின்றது; இல்லக்காரன் கையிலிருக்கும் தடி மாத்திரம் குற்றம் என்கின்றது.

"மாலை போட்டுக் குடியை விட்டவர்கள் இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறார்கள், நாம் மறுக்கவில்லை. நோய் முற்றாதவன் எந்த முடிவுக்கு வந்தாலும் விடக்கூடும். கூட நாலு பேர் விடுகிறார்கள், ஊர் பார்த்துக்கொண்டிருக்கின்றது என்பதும் ஒரு பலந்தான். ஆனால், அந்தப் பலம் மனிதர் கொடுத்ததே ஒழிய மணி கொடுத்ததல்ல. மணி கொடுத்ததாயிருந்தால், மாலையைக் கழற்றின அன்றைக்கே கடை வாசலில் இத்தனை கூட்டம் நிற்குமா? இந்த மனித பலத்தையே கடவுள் பேர் சொல்லாமலும் உண்டாக்கலாம். டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மஞ்சக்குடி கிராமத்தில் ஊராரையே துணையாகச் சேர்த்துக்கொண்டு சிகிச்சை முகாம் நடத்திக் காட்டவில்லையா?

"மருந்துக்கு அடிமையாகிவிடுவானே" என்பது அடுத்த ஆட்சேபணை. இது ஹெராயின் முதலிய அபின் வகைப் போதைக்காரர் விஷயத்தில்தான் அதிகமாய்ச் சொல்லப்படுகின்றது. பிரெஞ்சு தேசத்தில் 1996 முதல் சாதாரண ஊர் டாக்டர்களே புப்ரெனார்பின் என்னும் மாற்று மருந்தை எழுதிக் கொடுக்க அனுமதிக்கப்பட்டார்கள். 1995-க்கும் 1999-க்கும் இடையில் அங்கே அளவு மீறிய போதையால் சாகிறவர் தொகை ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்துபோயிற்று. தினமும் மருந்து சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற மனிதன் மேலா, ஒழுக்கம் கெடாமல் இருக்கிற பிணம் மேலா? சர்க்கரை நோய்க்காரனை யாராவது "மாத்திரைக்கு அடிமை" என்கிறார்களா? பத்தியம் தவறிச் சர்க்கரை ஏறினால், "இவன் திருந்த மாட்டான்" என்று ஆஸ்பத்திரியை விட்டுத் துரத்துகிறார்களா? குடி நோயாளி ஒருமுறை தவறினால் மாத்திரம் ஏன் துரத்த வேண்டும்?

கண்டுபிடித்ததைக் கைக்கொள்ளாமல் தாமதிப்பது நம் நாட்டாருக்கு மாத்திரம் உள்ள குணமல்ல. எலுமிச்சை ஆரஞ்சுப் பழங்கள் ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் என்று ஜேம்ஸ் லிண்டு 1747-ல் கண்டார்; பிரிட்டிஷ் கப்பற்படை எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட்டது 1795-ல். 48 வருஷம்! குடி, போதை விஷயத்தில் ஆராய்ச்சியும் வைத்தியமும் தனித்தனியே நிற்கின்றன என்று 1998-ல் அமெரிக்காவிலேயே ஒரு தனி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. மறு வருஷமே சாதாரண சிகிச்சை நிலையங்களையும் ஆராய்ச்சியாளரையும் சேர்த்து அங்கே ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். குறை எங்கும் உண்டு. குறையைக் குறையென்று ஒப்புக்கொள்வதும், குறைக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவதுமே வித்தியாசம்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. 2023-24-ல் இந்த ராஜ்யத்தில் மது விற்பனையால் சர்க்காருக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்பதற்குக் கடை வைக்கத் தெரிந்த சர்க்காருக்கு, தீர்ப்பதற்கு வழி வைக்கத் தெரியாதா? ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மேற்சொன்ன மருந்துகள் இருக்க வேண்டும். கொடுக்கத் தெரிந்த டாக்டரும், மரியாதையாய்ப் பேசத் தெரிந்த ஆளும் இருக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்கின்ற கணக்கு ஊரறிய இருக்க வேண்டும்.

வாசகர்களாகிய நீங்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நாள் தவறாமல் குடிப்பவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்து, விட நினைத்தால், திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நிறுத்தினவருக்கு வலிப்போ பிதற்றலோ கண்டால் வேப்பிலை தேடாதீர்கள். 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "இத்தனை நாளாய்க் குடித்தவர், இன்றைக்கு நிறுத்தி இத்தனை நாள் ஆயிற்று" என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததால் போன உயிர்கள் போதும்.