மாட்சா ஓட்ஸா, பழைய சோறா? காலையில பஸ் பிடிக்க ஓடுறவங்களுக்கு எது செட் ஆகும்?

காலை 7 மணி. பூரணாங்குப்பத்துல இருந்து புதுச்சேரிக்குக் காலேஜ், வேலைன்னு கிளம்புறவங்களுக்கு அதுதான் பீக் ஹவர். தவளக்குப்பம் வந்து கடலூர் ரோட்டுல பஸ் ஏறணும். இட்லி வெந்து இறங்குறதுக்குள்ள பஸ் போயிடும். ஒரு டம்ளர் டீயைக் குடிச்சிட்டு, 'மத்ததை கேன்டீன்ல பார்த்துக்கலாம்'னு ஓடுறதுதான் பாதி நாள் கதை.

இந்த அவசரத்தைக் குறிவெச்சுதான் ரீல்ஸ்ல அந்தப் பச்சை கலர் பாட்டில் வருது. 'மாட்சா ஓவர்நைட் ஓட்ஸ்'. ராத்திரி ஓட்ஸ், பால், மாட்சா பவுடர் கலந்து ஃபிரிட்ஜ்ல வெச்சா, காலையில அடுப்பே பத்தவைக்காம டிபன் ரெடி. இதை வீட்டுல ஆயாகிட்ட காட்டிப் பாருங்க. "இதைத்தாண்டி நாங்க சட்டியில தண்ணி ஊத்தி வெச்சோம்"னு சிரிப்பாங்க. அவங்க சொல்றதுல பாதி சரி. மீதிப் பாதியைக் கொஞ்சம் அலசிப் பார்க்கலாம்.

ஜப்பானுக்கே தட்டுப்பாடு!

மாட்சா சாதாரண கிரீன் டீ தூள் கிடையாது. அறுவடைக்கு முன்னாடி சில வாரம் தேயிலைச் செடியை நிழல்ல மூடி வளர்ப்பாங்க. இலையைப் பறிச்சு, ஆவியில வேகவெச்சு, காயவெச்சு, காம்பு நரம்பெல்லாம் நீக்கினா கிடைக்கிறது 'டென்சா'. அதைக் கல் இயந்திரத்துல அரைச்சாதான் மாட்சா. ஒரு கல் இயந்திரம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 40 கிராம்தான் அரைக்கும்.

உலகம் முழுக்க சோஷியல் மீடியாவுல இது டிரெண்ட் ஆனதும், 2024 இலையுதிர் காலத்துல கியோட்டோ பகுதியைச் சேர்ந்த பழம்பெரும் தேயிலை நிறுவனங்களான இப்போடோ, மருக்யூ கோயாமாஎன் ரெண்டும் 'ஒருத்தருக்கு இவ்வளவுதான்'னு விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டாங்க. 2023-ல ஜப்பானோட டென்சா உற்பத்தி 4,176 டன். பத்து வருஷத்துல கிட்டத்தட்ட மூணு மடங்கு ஏறியும் பத்தலை. புதுசா செடி நட்டாலும் நல்ல விளைச்சலுக்கு ஏறக்குறைய 5 வருஷம் காத்திருக்கணும். விவசாயிகளுக்கும் வயசாகிட்டே போகுது.

விளைவு, நம்ம பர்ஸ்ல தெரியும். நல்ல மாட்சா 30 கிராம் டப்பா ஆயிரம் ரூபாயைச் சர்வசாதாரணமா தொடுது. ஒரு வேளைக்கு 2 கிராம்னு போட்டா 15 நாள்தான் வரும். அதாவது, பச்சை கலருக்கு மட்டும் ஒரு நாளைக்கு 65 ரூபாய்க்கு மேல. அந்தக் காசுக்கு ரெண்டு மூணு நாள் டிபனை முடிச்சிடலாம்.

விலையைவிடப் பெரிய சிக்கல் ரத்தத்துல இருக்கு

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்றபடி, இந்தியாவுல 15-49 வயசுப் பெண்கள்ல 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. 15-19 வயசுல இது 59 சதவிகிதம். புதுச்சேரியிலயும் பாதிக்கு மேல. ஸ்கூல்ல வாரம் ஒருமுறை கொடுத்த நீல கலர் இரும்புச்சத்து மாத்திரை ஞாபகம் இருக்கா? அது இதுக்காகத்தான்.

டீ, காபி, மாட்சா எல்லாத்துலயும் இருக்குற பாலிஃபீனால்கள், சாப்பாட்டுல இருக்குற இரும்புச்சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். குறிப்பா தானியம், பருப்பு, கீரையில இருந்து வர்ற இரும்பு உடம்புல சேர விடாது. மாட்சாவுல இலையையே முழுசா அரைச்சுச் சாப்பிடுறோம். அதனாலதான் 2024 மே மாசம் வெளியான ஐ.சி.எம்.ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட உணவு வழிகாட்டி, 'சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் டீ, காபி வேணாம்'னு சொல்லுது. ஒரு நாளைக்கு கஃபைன் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னும் சொல்லுது.

மாட்சா ஓட்ஸ்ல டீயும் சாப்பாடும் ஒரே பாட்டில்ல! ஆரோக்கியமா இருக்குற ஒருத்தர் வாரத்துல ரெண்டு நாள் ஆசைக்குச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகிடாது. ஆனா ஹீமோகுளோபின் குறைவா இருக்குறவங்க, மாத்திரை எடுக்குறவங்க தினமும் இதையே டிபனா வெச்சுக்கிட்டா நஷ்டம் அவங்களுக்குத்தான். தினமும் டீயோட டிபன் சாப்பிடுறவங்களுக்கும் இதே கணக்குதான்.

பழைய சோறும் மேஜிக் கிடையாது

'100 கிராம் சாதத்துல 3.4 மில்லிகிராமா இருக்குற இரும்பு, ராத்திரி ஊறினா 73.91 ஆகிடும்'னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு நமக்கெல்லாம் வந்திருக்கும். யோசிங்க. சோறும் தண்ணியும் சேர்ந்து புதுசா இரும்பை உருவாக்க முடியாது. புளிக்கும்போது இரும்பைத் தடுக்குற ஃபைட்டேட் குறையுது. அதனால ஏற்கெனவே இருக்குற இரும்பு உடம்புல சேர்றது கொஞ்சம் சுலபமாகும். அவ்வளவுதான். நல்ல பாக்டீரியா கிடைக்கிறது தனி லாபம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில பழைய சோறு பத்தி ஆய்வு பண்ண தமிழ்நாடு அரசு 2.7 கோடி ரூபாய் ஒதுக்கினதும் குடல் நோய்களை மனசுல வெச்சுத்தான்.

இன்னொரு பிளஸ், கையில கிடைக்கிறது. பாகூருக்குப் புதுச்சேரியோட நெற்களஞ்சியம்னே பேரு. பல வருஷம் அரிசிக்குப் பதிலா பணம் போட்டுட்டு இருந்த புதுச்சேரி அரசு, 2024 அக்டோபர்ல ரேஷன் கடைகளைத் திரும்பத் திறந்துச்சு. வீட்டுல அரிசி இருக்கு. மிஞ்சின சோறும் இருக்கு. ஆனா புரதம் கம்மி. அதனால வெங்காயம், மோர் மிளகாயோட நிறுத்தாம ஒரு முட்டையோ, கருவாடோ, சுண்டலோ சேர்க்கணும். சோறு ஆறினதும் தண்ணி ஊத்திடணும். வெயில் காலத்துல காலையிலயே சாப்பிட்டுடணும்.

ஓட்ஸும் எதிரி கிடையாது. அதுல இருக்குற பீட்டா குளூக்கன் நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். 40 கிராம் ஓட்ஸ்ல 5 கிராம் அளவுக்குப் புரதமும் இருக்கு.

சரி, இன்னிக்கு ராத்திரி என்ன ஊறவைக்கலாம்?

*மாட்சா ஓட்ஸ் (ஆசைக்கு):* ஒரு டீஸ்பூன் மாட்சாவைக் கொதிக்காத சுடுதண்ணியில கட்டி இல்லாம அடிச்சுக்கங்க. அரை கப் ஓட்ஸ், முக்கால் கப் பால், ரெண்டு ஸ்பூன் தயிர், ஒரு ஸ்பூன் சப்ஜா விதை சேர்த்து மூடி, 6 மணி நேரமாவது ஃபிரிட்ஜ்ல வைங்க. காலையில வாழைப்பழம், வறுத்த வேர்க்கடலை. இரும்பு மாத்திரையை இதோட எடுக்காதீங்க, மதியத்துக்கு மாத்திக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. ராத்திரி ரொம்ப நேரம் கரன்ட் போயிருந்தா, பால் சேர்த்ததை மோந்து பார்த்துட்டுச் சாப்பிடுற ரிஸ்க் வேணாம். கொட்டிடுங்க.

*மோர் ஓட்ஸ் (தினசரிக்கு):* ஓட்ஸை மோர்ல ஊறவெச்சு ஃபிரிட்ஜ்ல வைங்க. காலையில உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. மேல ஒரு கைப்பிடி முளைகட்டின பயறு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. எலுமிச்சையில இருக்குற வைட்டமின் சி, பயறுல இருக்குற இரும்பு உடம்புல சேர உதவும். செலவு 25 ரூபாய்க்குள்ள அடங்கிடும்.

*பழைய சோறு:* இதுக்கு ரெசிபி சொன்னா ஆயா கோவிச்சுக்குவாங்க. பக்கத்துல ஒரு முட்டை, ஒரு துண்டு நெல்லிக்காய் மட்டும் மறக்காதீங்க.

டீயோ மாட்சாவோ குடிச்சே ஆகணும்னா, 11 மணி பிரேக்குக்குத் தள்ளி வைங்க. ருசி ஒண்ணும் குறையாது. மத்தபடி எந்த பாட்டில், எந்தச் சட்டிங்கிறது உங்க இஷ்டம். வெறும் வயித்தோட பஸ் ஏறாம இருந்தா அதுவே போதும். அதுக்கு ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்கினாலே போதுமே!