டைல்ஸ் பளபளக்கிறது, தண்ணீர் போகவில்லை!

அழகான குளியல் அறை. சுவர் முழுவதும் புது டைல்ஸ். வெள்ளிபோல் மின்னும் ஷவர். பழையதை இடித்துப் புதிதாக்க 2 மாதம் ஆயிற்று.

முதல் நாள் குளித்து முடித்தார், வீட்டுக்காரர். தண்ணீர் மூலையில் தேங்கி நின்றது. துடைப்பத்தை எடுத்துத் தள்ளினார். இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்!

இந்தக் கதை பல வீடுகளில் நடக்கிறது. காரணம் என்ன?

டைல்ஸ் நிறம் பார்க்க 3 ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். "தரைக்கு வாட்டம் எப்படிக் கொடுப்பீர்கள்?" என்று கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்பது இல்லை.

அந்தக் காலத்தில் பாட்டிமார் கொல்லைப்புறத்தில் குளித்தார்கள். கல் பாவிய தரை. ஒரு பக்கமாகச் சரிவு. குளித்த தண்ணீர் சலதாரை வழியாக ஓடி வாழை மரத்துக்குப் போயிற்று. நடுவில் படி இல்லை, தடுப்பும் இல்லை. (பாசி பிடித்தால் வழுக்கும். அது வேறு விஷயம்!) இன்று "வாக்-இன் ஷவர்" என்று வண்ணப் படம் போட்டுக் காட்டுகிறார்களே, அது ஏறக்குறைய இதுதான்.

கட்டை எதற்கு?

பல அடுக்குமாடி வீடுகளில், குளிக்கும் இடத்துக்கும் கழிப்பிடத்துக்கும் நடுவே 3 அங்குல உயரத்தில் ஒரு கல் கட்டை இருக்கிறது. தண்ணீரைத் தடுக்க வைத்தது.

30 வயது மகன் அதைத் தாண்டிவிடுவான். 70 வயது அம்மா?

கால் ஈரம். கண்ணில் சோப்பு. மூக்குக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. கட்டை எங்கே தெரியும்? கால் இடறுகிறது. முதுமையில் இடுப்பு எலும்பு முறிந்தால், பெரும்பாலும் ஆபரேஷன் செய்யவேண்டி வருகிறது. அதற்குப் பிறகு பழையபடி நடக்க முடியாமல் போகிறவர்கள் பலர்.

புதுப்பிக்கும்போது அந்தக் கட்டையை எடுத்துவிட வேண்டும். "தண்ணீர் வெளியே வந்துவிடுமே!" என்பார் கொத்தனார். நியாயமான கேள்வி. கட்டை செய்த வேலையை இனி வாட்டம் செய்யவேண்டும்.

ஓர் அடிக்குக் கால் அங்குலம்

குளிக்கும் இடத்தில் ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம் தரை இறங்கவேண்டும். 4 அடிக்கு 1 அங்குலம். இது காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்! மற்ற இடத்திலும் தண்ணீர் போகும் துளையை நோக்கி லேசான சரிவு வேண்டும்.

துளை, கதவுக்கு எதிர்ப்பக்கம், ஷவர் சுவரை ஒட்டி இருப்பது நல்லது. நடுவில் துளை வைத்தால் நான்கு பக்கமும் சரிவு கொடுக்கவேண்டும். 2 அடி டைல்ஸ் அதற்கு வளைந்து கொடுக்குமா? வெட்டி ஒட்டவேண்டும். சிறிய டைல்ஸ் என்றால் தொல்லை இல்லை. சுவர் ஓரமாக நீள வாய்க்கால்போல் மூடி வைத்தால், ஒரே பக்கம் சரிவு போதும். பெரிய டைல்சும் போடலாம். எந்த அளவானாலும் தரைக்குச் சொரசொரப்பான ரகமே வேண்டும்.

பழைய துளையை நகர்த்துவதாக இருந்தால் முன்கூட்டியே பிளம்பரை அழைத்துப் பேசவேண்டும். தரைக்கு அடியில் ஓடும் குழாய்க்கும் வாட்டம் வேண்டும் அல்லவா?

"இடிக்க வேண்டாம், பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டிவிடலாம். செலவு மிச்சம்" என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்கக் கூடாது. தரை அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும். அறைக்கும் குளியல் அறைக்கும் இருந்த இறக்கம் போய்விடும். பிறகு தண்ணீர் கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும்!

கீழ் வீட்டுச் சண்டை

மாடி வீடு என்றால் இன்னொரு வேலை உண்டு. நீர்க்கசிவு தடுக்கும் பூச்சுப் பூசிக் காய்ந்த பிறகு, துளையை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டவேண்டும். ஒரு நாள் முழுவதும் நிற்கட்டும். கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் வீட்டுக் கூரையைப் பார்க்கவேண்டும். ஈரம் தெரிந்தால் அப்போதே சரிசெய்யலாம். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்தால் மறுபடியும் இடிக்க வேண்டியதுதான். கீழ் வீட்டாரின் முகத்திலும் விழிக்க முடியாது.

துளைக்கு உள்ளே வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றத்தைத் தடுப்பது அதுதான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தால் அது வற்றியிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும்.

வேலை முடிந்ததும் கொத்தனார் மீதிப் பணம் கேட்பார். அவரை நிற்க வைத்து, கதவு ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுங்கள். சில நிமிடம் பொறுங்கள். எங்கும் தேங்காமல் துளைக்குப் போய்ச் சேர்ந்தால், உடனே பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.