யாருக்கும் தெரியாதாம்!

நாற்பத்தாறு வயதில் நான் பல்லை நேராக்கிக் கொள்ளக் கிளம்பியிருக்கிறேன். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால், ரகசியமாகச் செய்து கொள்ளலாம் என்பதுதான் இந்தச் சிகிச்சைக்கே பெருமையாம். கம்பி கிடையாது, கிளிப் கிடையாது, போட்டிருப்பது யாருக்கும் தெரியாது என்று விளம்பரங்கள் கூவுகின்றன. தெரிந்தால் என்ன ஐயா என்று நான் கேட்கிறேன். பல்லை நேராக்குவது என்ன, திருட்டா?

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இது கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை. அலைனர் என்று பெயர். மேல் வரிசைக்கு ஒன்று, கீழ் வரிசைக்கு ஒன்று. வாயை அளவெடுத்து, பற்கள் எங்கே போய் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, வரிசையாக உறைகளைச் செய்து தருகிறார்கள். எனக்குப் பதினெட்டு ஜோடி. ஓர் உறை ஒரு பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நகர்த்தும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழிந்ததும் அடுத்த உறை. பல் எப்படி நகரும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. பல்லை ஒரு பக்கமாக விடாமல் அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிதாக வளர்கிறது. எலும்பு என்றால் கருங்கல் என்றல்லவா எண்ணியிருந்தேன்! ஊர் அபிப்பிராயத்தைவிட எலும்பு இளகிய சாமான்தான்.

முதல் இரண்டு நாள் வலியை மறைக்க மாட்டேன். இட்லியைக் கடிப்பதற்கே யோசிக்க வேண்டியிருந்தது. உறையின் ஓரம் நாக்கின் விளிம்பை அறுத்தது. உறை பிடித்து நிற்பதற்காகப் பற்களின்மேல் ஒட்டியிருந்த சின்னச் சின்ன மேடுகள் உதட்டின் உட்புறத்தை உராய்ந்தன. ‘ச’ என்ற எழுத்து வழுக்கிக் கொண்டு ஓடியது. எழுதிப் பிழைக்கிறவன் ஒரு வாரம் ‘சரி’ என்று சொல்ல முடியாமல், எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிக் கொண்டிருந்தேன். பிறகு நாக்கு பழகிக் கொண்டது.

நாக்கு பழகிவிட்டது, ஊர் பழகவில்லை. நாளில் இருபது முதல் இருபத்திரண்டு மணி நேரம் உறை வாயிலேயே இருக்க வேண்டும். போட்டிருக்கும்போது தண்ணீரைத் தவிர வேறொன்றும் ஆகாது. சூடான பானம் பட்டால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். ஆகவே சாப்பாடு, பலகாரம், டீ எல்லாம் மிச்சமுள்ள இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். சாப்பிட்டபின் பல் துலக்கித்தான் திரும்ப மாட்ட வேண்டும். பட்டணத்தில் இது சாத்தியமாக இருக்கலாம். பாகூரிலிருந்து வில்லியனூருக்குப் போய்த் திரும்புவதற்குள் எத்தனை பேர் டீ வாங்கித் தருவார்கள் என்று அந்தக் கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியுமா? நம் பக்கத்தில் டீ ஒரு பானமல்ல, மரியாதை. வேண்டாம் என்றால், ‘பெரிய மனுஷன் ஆயிட்டாரு’ என்று பெயர் வரும்.

அப்படித்தான் வில்லியனூரில் ஒருநாள், கடைக்குள் திரும்பி நின்று, யாரும் பார்க்காமல் உறையைக் கழற்றி, வடை மடிக்கிற காகிதத்தில் சுற்றி வைத்தேன். கடைப்பையன் அதை எச்சில் காகிதம் என்று குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டான். ஒரு நண்பரும் நானும் தொட்டியைக் கிளறி எடுத்தோம். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னா சார், கட்டுப்பல்லா?”

“இல்லண்ணே, சொந்தப் பல்லுதான். வரிசைக்குக் கொண்டு வர்றதுக்கு இது.”

“இந்த வயசுலயா? பொண்ணு பாக்கப் போறீங்களா?”

கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வண்டியில் திரும்பி வரும்போது அந்த வார்த்தை என்னை விடவில்லை. பெண் பார்ப்பதும் பல்லும் என் வீட்டில் சிரிப்புச் சமாசாரமல்ல.

என் அக்காவுக்கு மேல்வரிசை எத்துப்பல். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்தார்கள், பேச்சுக் கொடுத்து அவளைச் சிரிக்க வைத்தார்கள், போய்விட்டார்கள். பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வரும். பொருத்தம் பார்த்த பிறகுதானே வந்தார்கள்? பல்லைப் பார்த்ததும் கிரகங்கள் இடம் மாறிவிட்டன போலும்! நான்கு இடம் அப்படிப் போனது. ஐந்தாவதாக வந்தவர் நல்ல மனிதர்; அவள் வாழ்க்கையில் குறையில்லை. ஆனால் அவள் சிரிக்கும்போது வலது கை தானாக வாய்க்குப் போகிறது. ஐம்பத்திரண்டு வயதாகிறது, பேரக்குழந்தையைக் கொஞ்சிச் சிரிக்கும்போதும் கை போகிறது.

இந்த ஊரின் நியாயத்தைக் கவனியுங்கள். கோணல் பல் பெண்ணுக்குக் குறை. அந்தக் கோணலைத் திருத்தப் போனால் அது டாம்பீகம். சினிமாவில் சிரிப்பு வர வேண்டுமானால் எவளோ ஒருத்திக்கு எத்துப்பல் ஒட்டவைத்து ஓட விடுவார்கள், நாமும் கைதட்டுவோம். அவளே வைத்தியம் செய்து கொண்டு வந்தால், ‘இதெல்லாம் பணக் கொழுப்பு’ என்போம். நோயையும் பரிகசிப்பது, மருந்தையும் பரிகசிப்பது என்றால், உங்களுக்கு வேண்டியது அவள் நேர்த்தியா, அவள் கூச்சமா?

எல்லோருடைய பல்லும் சோழிகளை அடுக்கியது போல் இருந்தாக வேண்டும் என்பதல்ல என் கட்சி. தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கெடுதல் செய்யாத பல் இருந்த இடத்தில் இருக்கட்டும். என் கீழ்வரிசை ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சோற்றுப் பருக்கை சிக்கி, ஈறில் ரத்தம் கசிந்து கொண்டிருந்தது. ஆலங்குச்சியும் போகாத சந்து, பிரஷ்ஷும் போகாத சந்து. மருத்துவர் முதலில் ஈறைக் குணப்படுத்தினார். பிறகுதான் பல்லை நேராக்கும் பேச்சையே எடுத்தார். சரி, ஒருவர் வெறும் அழகுக்காகவே செய்து கொண்டால்தான் என்ன? பட்டுப்புடவைக்குக் காரணம் கேட்காத ஊர் பல்லுக்கு மட்டும் ஏன் கேட்கிறது?

இது நேற்றைய மோகமும் அல்ல. நம்மை ஆண்டார்களே பிரெஞ்சுக்காரர்கள், அவர்களில் பியேர் ஃபொஷார் என்ற பல் வைத்தியர் 1728-லேயே பாரிசில் ஒரு நூல் வெளியிட்டார். பல்வரிசைக்கு எதிரே வளைந்த உலோகத் தகட்டை வைத்து, நூலால் பல்லோடு கட்டி இழுத்து நேராக்கும் வித்தை அதில் இருக்கிறது. இன்று அந்த நாட்டில் பதினாறு வயது நிறைவதற்குள் தொடங்கும் பல்சீரமைப்புக்கு அரசாங்கக் காப்பீடு செலவில் பங்கு கொடுக்கிறது. இங்கே கோரிமேட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரியூரிலும், கிருமாம்பாக்கத்தை அடுத்த பிள்ளையார்குப்பத்திலும் தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. பஸ்ஸேறினால் போய்விடலாம். ஏழெட்டு வயதில் பிள்ளையின் வாயைத் திறந்து ஒருவரிடம் காட்டிவிட்டால், பாதிக் கோணலை முளையிலேயே கவனிக்கலாம். நமக்குத் தூரமாக இருப்பது ஆஸ்பத்திரி அல்ல. கூச்சம்தான் தூரம்.

இந்தக் கூச்சத்தை ஊர் வளர்க்கிறது. வியாபாரி அறுவடை செய்கிறான். அதுதான் என் ஆத்திரம். 1997-ல் கலிபோர்னியாவில் ஜியா சிஷ்டி, கெல்ஸி வர்த் என்ற இருவர் அலைன் டெக்னாலஜி என்ற கம்பெனியைத் தொடங்கி இந்த உறையைப் பெரும் தொழிலாக்கினார்கள். இருவருமே பல் வைத்தியர்கள் அல்லர். அது குற்றமில்லை, நல்ல கருவி எவன் மூளையிலிருந்து வந்தாலும் நல்லதுதான். ஆனால் பின்னால் வந்தவர்கள், டாக்டர் முகத்தையே பார்க்க வேண்டாம், வீட்டிலிருந்தே அச்சு எடுத்து அனுப்பு, உறை தபாலில் வரும் என்றார்கள். ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற அமெரிக்கக் கம்பெனி அப்படித்தான் கொழுத்தது. 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தது. டிசம்பரில் கதவைச் சாத்தியது. பாதிப் பல் நகர்ந்த நிலையில் வாடிக்கையாளர்கள் தெருவில் நின்றார்கள். தவணைக்கு வாங்கியவர்கள் பாக்கியைக் கட்டியே தீர வேண்டும் என்று மட்டும் கம்பெனி மறக்காமல் சொல்லிவிட்டுப் போனது.

இப்படி ஏமாறுகிறவன் யார்? மறைக்க நினைக்கிறவன். டாக்டரிடம் போனால் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூசுகிறவன்தான் தபாலில் வரும் பெட்டியை நம்புகிறான். ஈறு எப்படி இருக்கிறது, எலும்பு தாங்குமா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை. ‘யாருக்கும் தெரியாது’ என்ற அந்த இரண்டு வார்த்தைதான் தூண்டிலில் குத்திய புழு. ஊர் சிரிக்கும் என்ற பயம் இல்லாவிட்டால் அந்தப் புழுவை யார் கடிப்பார்கள்?

போன மாதம் அக்கா வந்திருந்தாள். கழற்றிக் கழுவி வைத்திருந்த உறையை உள்ளங்கையில் ஏந்தி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்கெல்லாம் இனிமே ஆவுமாடா?”

“ஆவும்க்கா. ஈறும் எலும்பும் நல்லா இருந்தா வயசு ஒரு தடையில்ல. நாளைக்கே டாக்டரப் பாப்போம்.”

“போடா, ஊரு சிரிக்கும்” என்று சிரித்தாள். கை வாய்க்குப் போயிற்று.

அவள் இன்னும் சரியென்று சொல்லவில்லை. சொல்லாமலே போனாலும் அது அவள் இஷ்டம். ஆனால் அந்தக் கையை அங்கே கொண்டுபோய் வைத்தது அவள் பல் அல்ல. இந்த ஊரின் கண். ஆகையால் நான் ஒரு தீர்மானம் செய்து கொண்டிருக்கிறேன். இனிமேல் டீக்கடையில் திரும்பி நிற்பதில்லை, காகிதத்தில் சுற்றுவதுமில்லை. நாலு பேர் பார்க்கக் கழற்றி, டப்பாவில் போட்டு, பெஞ்சின் மேல் வைத்துவிட்டுத்தான் டம்ளரைக் கையில் எடுக்கிறேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும், பதில் சொல்ல எனக்கு இப்போது ‘ச’ நன்றாகவே வருகிறது.